அரை மில்லிமீட்டர்

சூசைமரியானின் கிரேன் பட்டறைக்கு வந்து மூன்று நாளாகியும் சிவபிரகாஷ் அதன் பக்கமே போகவில்லை. கையில் வேறு வேலை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலை எப்போதும் இருக்கத்தான் செய்யும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற சாலையில் பதினெட்டு வருஷமாகக் கியர் வெட்டுகிறவருக்கு வேலைக்கா பஞ்சம்? ஆனால் வாசலில் நிற்கிற அந்தக் கிரேனைக் கடந்துதான் டீ குடிக்கப் போக வேண்டும். கடக்கும்போதெல்லாம் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கிணற்றை ஆழப்படுத்துகிற கிரேன் அது. ஒரு டீசல் எஞ்சின், ஒரு கியர் பெட்டி, கம்பிவடம் சுற்றுகிற உருளை, வடத்தின் நுனியில் ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே இருக்கிறவன் வெட்டிய கல்லைத் தொட்டியில் அள்ளிப் போட்டு 'ஏத்து' என்று குரல் கொடுப்பான். மேலே இருக்கிறவன் லீவரைத் தள்ளுவான். இருபத்து மூன்று நாளுக்கு முன்னால் கண்டரமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றில், முக்கால் தூரம் ஏறிய தொட்டி கல்லோடு திரும்ப உள்ளே விழுந்தது. உள்ளே நின்றவன் பெனோ, இருபத்தாறு வயது. மேலே லீவரைப் பிடித்திருந்தவர் அவனைப் பெற்ற சூசைமரியான்.

போலீஸ் வந்தது. வடத்தைப் பார்த்தது, தொட்டியைப் பார்த்தது, சிதறிக் கிடந்த கல்லை எடை போட்டது. அளவுக்கு மேல் ஏற்றியதால் விபத்து என்று எழுதி, கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகச் சூசைமரியான் பேரில் வழக்குப் போட்டது. இரண்டு கல் கூடத்தான் ஏற்றினார், அது பொய்யில்லை. மழைக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று எல்லாக் கிரேன்காரரும் ஏற்றுவதுதான். ஆனால் ஊருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டால் போதும், அப்புறம் நிம்மதியாகத் தூங்கப் போய்விடும். 'அவசரப்பட்டு மகனையே முழுங்கிட்டான்' என்று துக்கத்துக்கு வந்தவர்களே பந்தலில் உட்கார்ந்து பேசினார்கள். கியர் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

கிரேனை எடுத்துக்கொள்ளலாம் என்று போலீஸ் சொன்னதும், சூசைமரியான் அதை ஒரு டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது மனிதர், எழுபது வயதுக்காரர் மாதிரி இறங்கி வந்தார்.

"ஓடுற மாதிரி மட்டும் பண்ணிக் குடுங்க தம்பி. யாருகிட்டயாவது வித்துத் தொலைச்சிருறேன்" என்றார்.

"உக்காருங்கண்ணே. மதினி எப்படி இருக்காக?"

"அவ என்கூடப் பேசுறதில்ல. அடக்கத்தன்னைக்கு ஒரே ஒரு வார்த்தை கேட்டா. 'எத்தன கல்லு கூட ஏத்துனீக?' ரெண்டுன்னேன். அதோட சரி. தட்டை வைப்பா, திரும்பிக்குவா. நான் மாட்டுக் கொட்டகையிலதான் படுத்துக்கிறேன்." சொல்லிவிட்டு, யாருக்கோ பரிந்து பேசுகிறவர் மாதிரி, "அவ செய்யிறது நியாயந்தான் தம்பி" என்றும் சொன்னார்.

நான்காம் நாள் காலையில் சிவபிரகாஷ் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். கியர் பெட்டியின் மூடியைத் தூக்கியதும், கறுத்த எண்ணெய்க்குள் உதிர்ந்து கிடந்த பற்கள் தெரிந்தன. பினியனில், அதாவது எஞ்சின் பக்கத்துச் சின்னக் கியரில், அடுத்தடுத்து நாலு பல் இல்லை. ஒரு பல்லை எடுத்துத் துணியால் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். ஒரே அடியில் ஒடிந்த இரும்பு, உடைத்த கருப்பட்டி மாதிரி முழுக்கப் பொருபொருவென்று இருக்கும். இது அப்படி இல்லை. பல்லின் அடியில் தொடங்கிப் பாதிக்கு மேல் வழுவழுவென்று இருந்தது. அதில் கண்மாய்த் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழுகிற கோடுகளைப் போல வளைவு வளைவாகக் கோடுகள். மிச்சப் பகுதிதான் பொருபொரு.

பார்த்தவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. இது அன்றைக்கு ஒடிந்த பல் இல்லை. மாதக்கணக்காக வெடித்துக்கொண்டே வந்த பல். ஒவ்வொரு தொட்டி ஏறும்போதும் ஒரு மயிரிழை, அடுத்ததற்கு இன்னொரு மயிரிழை என்று வெடிப்பு உள்ளே போயிருக்கிறது. மிச்சமிருந்த கொஞ்ச இரும்பு அன்றைக்குக் கைவிட்டது. அந்த இரண்டு கல்லை ஏற்றாமல் இருந்திருந்தால் மறுநாள் ஒடிந்திருக்கும், இல்லாவிட்டால் அதற்கு அடுத்த நாள்.

இன்னொன்றும் தெரிந்தது. வெடிப்பு தொடங்கிய இடம், பல்லின் அடிப்பள்ளம், கண்ணாடியாய் மினுங்கிக்கொண்டிருந்தது. அந்த மினுக்கம் யார் கை வேலை என்று அவர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சிவபிரகாஷ் அந்தப் பல்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தை மாதத்தில் அவர் செய்து கொடுத்த பினியன் அது. குறை சொல்ல முடியாத உருக்கு. இந்த வேலைக்கு எடுக்கிற உருக்கு கொஞ்சம் மெதுவானதுதான். மெதுவாக இருப்பதால்தான் அடி தாங்கும், ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் வெட்டிய கியரை இரும்புப் பெட்டிக்குள் கரித்தூளில் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, உலையில் எட்டு மணி நேரம் செக்கச் சிவக்க வைப்பார்கள். கரி மெல்ல மெல்ல இரும்பின் மேல்தோலுக்குள் ஏறும். அத்தனை மணி நேரத்துக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் ஏறும். பிறகு எண்ணெயில் முக்கினால் அந்தத் தோல் மட்டும் கண்ணாடியைக் கீறுகிற அளவுக்குக் கெட்டிப்படும். உள்ளே பழைய உருக்கே இருக்கும். தோல் விரியப் பார்க்கும், உள்ளே இருப்பது விடாது. அந்த இழுபறியில் தோல் எந்நேரமும் இறுகி நெருக்கிக்கொண்டே இருக்கும். நெருக்கம் இருக்கிற இடத்தில் வெடிப்பு வாய் திறக்க முடியாது. கியரின் ஆயுசு முழுக்க அந்த ஒரு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது.

எண்ணெயில் முக்கும்போது அந்தப் பினியன் துளி கோணிக்கொண்டது. சிவபிரகாஷ் அதைக் கவனிக்காமல் இல்லை. ஓட ஓடச் சரியாகிவிடும் என்று மாட்டி அனுப்பிவிட்டார். ஒரே வாரத்தில் சூசைமரியான் அதைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"எஞ்சின் சத்தம் எனக்குப் பழகிப்போச்சு தம்பி. இது கராகரான்னு அலறுது. அம்பதடிக்குக் கீழ இருந்து பெனோ குரல் குடுத்தா எனக்குக் கேக்கவே மாட்டேங்குது. நேத்து அவன் நிறுத்துன்னு கத்தியிருக்கான், நான் பாட்டுக்கு ஏத்திட்டேன். தொட்டி பாறையில இடிச்சிருச்சு. மாதா புண்ணியத்துல ஒண்ணும் ஆகல."

செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். அதைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டியிருக்க வேண்டும். அதற்குப் பத்து நாள் ஆகும். பாதி வெட்டிய கிணறு காத்துக்கொண்டிருந்தது, சூசைமரியானின் முகமும் பாவமாக இருந்தது. சிவபிரகாஷ் நகை செய்கிற பத்தர் வீட்டில் பிறந்தவர். இரும்புக்கு வந்துவிட்டாரே தவிர கை இன்னும் தங்கத்தில்தான் இருந்தது. எண்ணெயில் முக்கிய கறுப்போடு ஒரு பொருள் பட்டறையை விட்டுப் போனால் பாதியில் விட்ட வேலை என்று அவருக்கு உறுத்தும். விரல் தடிமன் கிரைண்டரை எடுத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்து, பதினேழு பல்லையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். உரசுகிற பக்கத்தை மட்டும் தொட்டிருந்தால்கூட ஒரு கணக்கு. பல்லின் அடிப்பள்ளத்தையும் விடவில்லை. எவ்வளவு எடுத்தோம் என்று கருவி வைத்து அளக்கவில்லை. கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகத்துக்கு எதுவும் தட்டுப்படாமல் போகிற வரை எடுத்தார். நகைவேலையில் அதுதான் அளவு.

கிணற்றடிக்குக் கொண்டுபோய் மாட்டி ஓட்டியபோது சத்தமே இல்லை. "தையல் மிஷின் மாதிரில்ல ஓடுது!" என்று சூசைமரியான் சின்னப் பிள்ளையாகச் சிரித்தார். பெனோவும் அங்கே இருந்தான். எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று, "இனிமே நான் முணுமுணுத்தாலே அப்பாவுக்குக் கேட்டிரும். திட்டக்கூட முடியாது போல" என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிவபிரகாஷின் தங்கை மகள் நித்யஸ்ரீ திருச்சியில் உலோகச் சோதனைக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். பினியனை அவளுக்கு அனுப்பி வைத்தார். ஒருவேளை உருக்கிலேயே கோளாறு இருக்கலாம், உலையில் சூடு குறைந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. நாலாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"மாமா, இதை யாரு கிரைண்ட் பண்ணுனது?" என்றுதான் ஆரம்பித்தாள்.

"ஏம்மா?"

"உருக்கு நல்லா இருக்கு. நீங்க கரி ஏத்துனதும் ஒழுங்கா இருக்கு. பல்லோட பக்கவாட்டுல அளந்து பாத்தேன், தோல் கிட்டத்தட்ட ஒரு மில்லி அப்படியே இருக்கு. அடியிலதான் மாமா போச்சு. அரை மில்லிக்கு மேல வழிச்சு எடுத்துருக்காங்க. மிச்சமிருக்கிற தோலும் கிரைண்டர் சூட்டுல வெந்து மெதுவாயிருச்சு. பல்லு மேல விழுகுற பாரமெல்லாம் அந்த அடியிலதான வந்து நிக்கும்? தோல் நெருக்கிப் பிடிச்சிருக்க வேண்டிய இடத்துல இப்ப இழுக்குது. அங்க இருந்துதான் வெடிப்பு கெளம்பியிருக்கு."

"கிரைண்ட் பண்ணாம அப்படியே விட்டிருந்தா?"

"கோணலோட கத்திக்கிட்டே கெடந்திருக்கும். ஆனா வருஷக்கணக்கா ஓடியிருக்கும் மாமா. யாரு பண்ணுனதுன்னு சொல்லவே இல்லையே?"

"தெரியலம்மா. வெளிய எங்கயோ குடுத்துருக்காக" என்றார் சிவபிரகாஷ். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சுலபமாக ஒரு பொய் வந்ததில்லை.

"யாரா இருந்தாலும் கை நல்ல கை மாமா. மைக்ராஸ்கோப்புல பாத்தாக்கூட அம்புட்டு வழுவழுப்பு" என்றாள் அவள். அவளுக்கு என்ன தெரியும், பாவம். அவர் போனை வைத்துவிட்டுத் தன் வலது கையை மடக்கிக்கொண்டார்.

மறுநாள் சாப்பிடும்போது மனைவி துர்காதேவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப விடுங்க. நான் கல் நெஞ்சுக்காரின்னு நெனைக்காதீக. அந்தப் பிள்ளைக்காக நானும் அழுதேன். ஆனா நீங்க போய்ச் சொன்னா கேஸ் அங்குட்டு இருந்து இங்குட்டு வரும். பட்டறையைப் பூட்டுவாக. பதினெட்டு வருஷப் பேரு ஒரே நாள்ல போயிரும். சொன்னா பெனோ எந்திரிச்சு வந்துருவானா?"

"பெனோ வர மாட்டான்" என்றார் சிவபிரகாஷ். "ஆனா அந்த வீட்டுல ரெண்டு பேரு உசுரோட இருக்காக. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்காம இருக்காக. அது என்னாலதான துர்கா?"

சோறு இருவர் தட்டிலும் காய்ந்தது.

முப்பதாம் நாள் பூசை கல்லலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற அவர்கள் ஊர்க் கோயிலில் நடந்தது. சிவபிரகாஷ் கடைசி வரிசையில் நின்றார். சூசைமரியானின் மனைவி சந்தனமேரி முன்னால் பெண்கள் பக்கம் முழங்காலில் இருந்தாள். சூசைமரியான் உள்ளேயே வரவில்லை, வாசல் படியில் செருப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு போட்டார்கள். சொந்தக்காரர்கள் மூன்று மணிக்குள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டார்கள். சோதனைக்கூடத்து அறிக்கை இருந்த மஞ்சள் கவரை மடியில் வைத்துக்கொண்டு சிவபிரகாஷ் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"மதினி, ஒரு விஷயம் சொல்லணும். அண்ணனையும் கூப்பிடுங்க."

சந்தனமேரி வெளியே திரும்பிப் பார்க்கவில்லை. "அவுக அங்குட்டு வாசல்லதான் இருக்காக. கேக்கணும்னா கேக்கட்டும்" என்றாள்.

சிவபிரகாஷ் சொன்னார். ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை, வந்ததைச் சொன்னார். "தொட்டி விழுந்ததுக்கு அந்த ரெண்டு கல்லு காரணம் இல்ல மதினி. கியர்ல பல்லு மாசக்கணக்கா உள்ளுக்குள்ள வெடிச்சுக்கிட்டே வந்துருக்கு. அது எப்படியும் ஒடிஞ்சுதான் இருக்கும். அந்தக் கியரு நான் செஞ்சது. இரும்புக்கு மேல தோலு மாதிரி ஒண்ணு ஏத்துவோம், அதுதான் அதைக் காப்பாத்தும். அந்தத் தோலை நானே என் கையால தேச்சு எடுத்துட்டேன். இந்தாங்க, சோதிச்சுப் பாத்து எழுதிக் குடுத்துருக்காக. அண்ணன் மேல தப்பில்ல. எல்லாம் நான் பண்ணுனது."

சந்தனமேரி கவரை வாங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எடுத்தீக?" என்றாள்.

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக வந்தவர் இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. உண்மையைச் சொன்னால் சூசைமரியான் தலையிலிருந்து இறக்கியதைத் திரும்பத் தூக்கி வைத்த மாதிரி ஆகிவிடும். "பளபளன்னு இருக்கணும்னு எடுத்தேன் மதினி. எனக்கு அப்படி ஒரு கிறுக்கு" என்றார்.

"தம்பி பொய் சொல்லுறாரு."

சூசைமரியான் நிலைப்படியில் வந்து நின்றிருந்தார். "நான்தான் கழட்டிக்கிட்டுப் போய்க் குடுத்தேன். சத்தத்துல பிள்ளை குரல் கேக்கல, எனக்கு அவன் குரல் கேக்கணும், எதையாவது பண்ணுங்கன்னு நான்தான் கேட்டேன். அவரு எனக்காகப் பண்ணுனாரு. கடைசியில எல்லாம் என்கிட்டதான் வந்து முடியுது" என்றார்.

சந்தனமேரி திரும்பினாள். முப்பது நாளில் முதல் தடவையாகப் புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"என்னது?"

"அன்னைக்கு. அவன் குரல் உங்களுக்குக் கேட்டுச்சா?"

சூசைமரியான் நிலையைப் பிடித்துக்கொண்டார். "கேட்டுச்சு."

"என்ன சொன்னான்?"

இதை அவரிடம் போலீஸ் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, பங்குச் சாமியார் கேட்கவில்லை. அவர் சொன்னார்: "மொதல்ல டக்குனு ஒரு சத்தம். தொட்டி ஒரு அடி இறங்கி அப்படியே நின்னுச்சு. நான் ரெண்டு கையாலயும் லீவரை அமுக்கிப் பிடிச்சேன். அவன் கீழ இருந்து அண்ணாந்து பாத்தான். கியரு விட்டுச்சுன்னா லீவரு திருப்பி அடிச்சு என் கை முறிஞ்சுரும்னு அவனுக்குத் தெரியும். 'அப்பா, கைய எடுங்க'ன்னு கத்துனான். 'எடுங்கப்பா'ன்னான். கீழ இருக்கவன் சொன்னா மேல இருக்கவன் யோசிக்கக் கூடாது, உடனே செய்யணும். அதுதான் எங்க தொழில்ல வழக்கம். நான் யோசிக்காம..."

"எடுத்தீகளா?"

"எடுத்துட்டேன் மேரி. எடுத்துட்டேன்."

அவ்வளவு நாளும் அந்த மனிதர் சுமந்துகொண்டிருந்தது இரண்டு கல்லை இல்லை என்று சிவபிரகாஷுக்கு அப்போதுதான் தெரிந்தது.

சந்தனமேரி சிவபிரகாஷ் பக்கம் திரும்பினாள். "தம்பி, இதுலயாவது பொய் சொல்லாதீக. அவுக கைய எடுக்காம பிடிச்சிருந்தா நின்னிருக்குமா?"

"நின்னிருக்காது மதினி" என்றார் சிவபிரகாஷ். "பெத்த தாய்கிட்ட சொல்றேன், சத்தியமா நின்னிருக்காது. மொதப் பல்லு போய்த்தான் தொட்டி ஒரு அடி இறங்குனது, அடுத்தடுத்த பல்லும் தாங்காமப் போயிருச்சு. அதுக்கப்புறம் லீவரால தொட்டியைப் பிடிச்சு நிறுத்தவே முடியாது. பத்துப் பேரு சேந்து பிடிச்சிருந்தாலும் தொட்டி விழுந்திருக்கும். லீவரு திருப்பி அடிச்சு அண்ணன் கையும் போயிருக்கும்."

அவள் எழுந்து நிலைப்படிக்குப் போனாள். சூசைமரியான் அடி விழப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டார். அவள் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்து, மணிக்கட்டிலிருந்து விரல் வரை தடவித் தடவிப் பார்த்தாள். கிரீஸ் ஏறிக் கறுத்த நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இது அவன் குடுத்துட்டுப் போன கையி" என்றாள்.

அவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். அவளும் கையை விடாமல் கூடவே உட்கார்ந்தாள்.

சிவபிரகாஷ் கவரை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர்கள் நிலைப்படியை அடைத்து உட்கார்ந்திருந்ததால் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றார். சந்தனமேரி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "இப்ப எங்குட்டுப் போறீக?"

"ஸ்டேஷனுக்கு மதினி. இதைக் குடுத்துட்டு, நான்தான்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"போங்க" என்றாள். "போய்ச் சொல்லுங்க. ஆனா இனிமே இந்த வீட்டுக்கு வராதீக தம்பி. உங்களைப் பாக்க என்னால முடியாது."

"சரி மதினி."

அவள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டாள். அவர் இருவரையும் கடந்து வெயிலில் இறங்கி வண்டியை எடுத்தார். தெருமுனை திரும்பும்போது பின்னால் சந்தனமேரி குரலெடுத்து அழுவது கேட்டது. அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. சூசைமரியான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை.